வில்லிபுத்தூருக்கு ஒன்பதை அழுத்தவும்!

‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும்...’

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் பெரிய மாமா இந்த வாக்கியத்தை ஐந்தே நாளில் நாற்பத்தொரு முறை கேட்டிருக்கிறார். எப்படித் தெரியும் என்கிறீர்களா? மாமா ரிடையர்டு ஹெட்மாஸ்டர். நாற்பது பக்க நோட்டில் தேதி, நேரம், எந்தெந்த எண்ணை அழுத்தினார், என்ன பதில் வந்தது என்று கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறார். கடைசிக் கட்டத்துக்கு ‘பலன்’ என்று தலைப்பு. நாற்பத்தொரு வரியிலும் ஒரே பதில்தான் - ‘இல்லை’.

நடந்தது இதுதான். ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மாமா ஏ.டி.எம்.முக்குப் போய்ப் பத்தாயிரம் ரூபாய் கேட்டார். மெஷின் உள்ளே கடகடவென்று எண்ணியது. மாமா கையை நீட்டினார். மெஷின் ஒரு பெருமூச்சு விட்டது. பணம் வரவில்லை. ஆனால் பாக்கெட்டில் இருந்த செல்போனில் மட்டும் மெஸேஜ் வந்துவிட்டது. ‘உங்கள் கணக்கிலிருந்து ரூ.10,000 எடுக்கப்பட்டது!’

சாதாரணப் பத்தாயிரம் இல்லை ஸார் அது. மாமிக்கு வலது கண்ணில் புரை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மதுரையில் ஆபரேஷன். பென்ஷனில் மிச்சம் பிடித்துச் சேர்த்த லென்ஸ் பணம்.

மறுநாள் மாமா பேங்குக்குப் போனார். மேனேஜர் லீவு. கவுன்ட்டரில் இருந்த பையன் தலையை நிமிர்த்தாமல், “கார்டு பின்னாடி நம்பர் இருக்கு பாருங்கய்யா. அதுக்குப் பேசுங்க, பதிஞ்சுக்குவாங்க” என்றான்.

அன்றைக்கு ஆரம்பித்தது மாமாவின் தொலைபேசி யாத்திரை.

‘தமிழுக்கு இரண்டை அழுத்தவும்’ என்றது ஒரு பெண் குரல். அழுத்தினார். ‘சேவிங்ஸ் கணக்கிற்கு ஒன்று, கடன்களுக்கு இரண்டு, கார்டுகளுக்கு மூன்று...’ மூன்றை அழுத்தினார். ‘கார்டின் பதினாறு இலக்க எண்ணை அழுத்தி, இறுதியில் ஹேஷ் அழுத்தவும்.’ மாமா கண்ணாடியைத் துடைத்து மாட்டி, கார்டை வெளிச்சத்தில் காட்டி, பதினோராவது இலக்கத்துக்கு வருவதற்குள், ‘மன்னிக்கவும், நேரம் முடிந்துவிட்டது.’

மறுபடி ஒன்றிலிருந்து.

ஒருதடவை அந்தக் குரல், ‘உங்கள் பிரச்னையைச் சுருக்கமாகக் கூறவும்’ என்றது. மாமா எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, “அம்மா, வணக்கம். நான் ரிடையர்டு ஹெட்மாஸ்டர் பேசறேன். நேத்து சாயங்காலம் நாலே கால் மணி இருக்கும்...” என்று ஆரம்பித்தார். ‘மன்னிக்கவும், நீங்கள் கூறியது புரியவில்லை’ என்றது குரல். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் மாமாவைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை என்று மாமி எனக்குப் போன் பண்ணிச் சொன்னார்.

நான் விடுவேனா? சென்னையில், ஆபீஸில், சூபர்வைஸருக்குத் தெரியாமல் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அந்த எண்ணுக்குப் போட்டேன். இருபத்தாறு நிமிஷம் ஸிதார் இசை. பிறகு, ‘பதிவு செய்யப்பட்ட உங்கள் மொபைல் எண்ணிலிருந்து அழைக்கவும்’ என்று சொல்லி டொக்! நியாயம்தான். மருமகன் என்கிற உறவை அழுத்துவதற்கு அதில் பட்டன் கிடையாது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மாமாவிடமிருந்து போன். குரலில் கல்யாணக் களை.

“மாப்ளே, ஆள் கெடைச்சுட்டாண்டா!”

“எப்படி மாமா?”

“டீக்கடைத் தம்பி நெட்டுல தேடி வேற நம்பர் ஒண்ணு எடுத்துக் குடுத்தான். மொத மணியிலேயே எடுத்துட்டாண்டா! எவ்வளவு மரியாதைங்கறே... வார்த்தைக்கு வார்த்தை ஐயா, ஐயாங்கறான். நான் சொன்னதை முழுசாக் கேட்டான். ‘ஒங்க மனசு கஷ்டம் புரியுதுங்க ஐயா’ன்னான். என் போன்ல ஏதோ ஒரு ஆப்பை ஏத்தச் சொல்றான். ஏத்தினா அஞ்சு நிமிஷத்துல பணம் திரும்பி வந்துருமாம்...”

எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. “மாமா! ஏத்தீட்டீங்களா?”

“எங்கே ஏறுது? எடம் இல்லைங்குது. ஊர்ல ஒருத்தன் பாக்கியில்லாம குட்மார்னிங் படம் அனுப்பறானே, அதுலேயே போன் ரொம்பிக் கெடக்கு. அதான் எதை அழிக்கணும்னு ஒன்னைக் கேக்கலாம்னு...”

வாழ்க்கையில் முதல்முறையாகக் குட்மார்னிங் படங்களுக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

“ஒண்ணையும் அழிக்காதீங்க. அவன் பேங்க் ஆள் இல்லை மாமா, திருடன். மறுபடி பேசினான்னா வெச்சுடுங்க. நான் வர்றேன்.”

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, “அவன் ஒருத்தன்தாண்டா நான் சொன்னதைக் கேட்டான்” என்றார்.

*

ஞாயிறு ராத்திரி தாம்பரத்தில் பொதிகை எக்ஸ்பிரஸ் பிடித்தேன். தட்கலில் சைடு அப்பர். கீழே சைடு லோயரில் ஒரு இளைஞன். ராஜபாளையத்துக்காரன். சென்னையில் எங்கே வேலை என்று கேட்டேன். சொல்லத் தயங்கினான். பிறகு, “கால் சென்டர் ஸார்” என்றான், குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி.

மாட்டினான் என்று நினைத்தேன். ஐந்து நாள் ஆத்திரத்தையும் அவன் மேலே கொட்டினேன். பாவம், அமைதியாகக் கேட்டுக்கொண்டான். அது அவனுக்குத் தொழில்.

“ஸார், எங்ககிட்ட லைன் வர்றப்ப ஜனங்க ஏற்கெனவே அரை மணி நேரம் வெந்துபோய் இருக்காங்க. நான் வணக்கம்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள கெட்ட வார்த்தை வரும். அந்தப் பொம்பளைக் குரல் பண்ணின பாவத்துக்கு நான் அனுபவிக்கணும். ஒரு காலுக்கு இத்தனை நிமிஷம்னு கணக்கு வேற. வயசானவங்க நிதானமாப் பேசினா எனக்கு உள்ளுக்குள்ள பதறும்.”

“சரி, ஏம்ப்பா ஆள்கிட்ட போறதுக்கு வழியையே காட்ட மாட்டேங்கறாங்க?”

“ஆளுக்குச் சம்பளம் குடுக்கணுமே ஸார்! வர்ற கால்கள்ல எத்தனை, ஆள்கிட்ட வராம மெஷினுக்குள்ளேயே முடிஞ்சுதுன்னு ஒரு கணக்கு எடுப்பாங்க. ‘கன்டெய்ன்மென்ட்’னு பேரு. அது ஜாஸ்தியானா நல்ல மார்க். பேலன்ஸ் தெரிஞ்சுக்கிட்டு சந்தோஷமா வெச்சவரும் அந்தக் கணக்குல வரலாம். வெறுத்துப்போய் வெச்சவரும் வரலாம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் மாமா ‘இல்லை’ என்று எழுதிய அந்த நாற்பத்தொரு வரியும் எங்கோ ஒரு ஆபீஸில் ‘வெற்றி’ என்று எழுதப்பட்டிருக்குமோ?

“கார்டு தொலைஞ்சுபோச்சுங்கற பட்டனை அமுக்கினா சீக்கிரம் ஆள் வருமாமே?” என்று ரகசியமாகக் கேட்டேன்.

“நெறையப் பேர் பண்றாங்க ஸார். ஆனா நெஜமாவே கார்டைத் தொலைச்சவன் அப்ப வரிசையில பின்னாடி நிப்பான்” என்றான். வெட்கமாகப் போய்விட்டது.

செங்கல்பட்டு தாண்டி ரயில் வேகமெடுக்கும்வரை தூக்கம் வரவில்லை. செல்போனில் இந்தப் பட்டன்களின் சரித்திரத்தைப் புரட்டினேன். வட்டமாகச் சுழற்றும் டயலுக்குப் பதில் பட்டன் வைத்த போன் அமெரிக்காவில், பென்ஸில்வேனியாவின் இரண்டு சின்ன ஊர்களில், 1963 நவம்பர் 18-ந் தேதி வாடிக்கையாளர்களுக்கு வந்தது. பெல் கம்பெனியில் ஜான் கார்லின் என்கிற மனோதத்துவக்காரரின் குழு, எண்களை எந்த வரிசையில் அடுக்கினால் மனுஷனுக்குத் தப்பு வராது என்று ஆட்களை வைத்துச் சோதித்துப் பார்த்துத்தான் இந்த 1-2-3 வரிசையை முடிவு செய்தது. ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு ஸ்வரம். ஒன்றை அழுத்தினால் 697, 1209 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். அந்தச் ஜோடியைக் கேட்டுத்தான் மறுமுனை மெஷின் இது ஒன்று, இது ஒன்பது என்று புரிந்துகொள்கிறது. ஸ்டாரும் ஹேஷும் 1968-ல் வந்து சேர்ந்துகொண்டன.

அதற்கும் முன்னால், டென்மார்க்கில் ஏர்லாங் என்று ஒரு கணித மேதை. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தவர். இத்தனை பேர் போன் செய்தால் எத்தனை ஆபரேட்டர் வேண்டும், ஒருத்தர் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்பதற்கெல்லாம் 1909-லிருந்தே கணக்குப் போட்டுக் காட்டியவர். ஆக, நாம் எவ்வளவு நேரம் காத்திருப்போம் என்பது தலையெழுத்து இல்லை. யாரோ கால்குலேட்டரில் தட்டி முடிவு செய்தது!

கீழிருந்து தம்பி குரல் கொடுத்தான். “ஸார், எல்லாமே மோசம்னு எழுதிடாதீங்க. ரயில்வே 139 போட்டுப் பாருங்க.” ரயில்வேயின் பல உதவி எண்களைச் சேர்த்து 2020 ஜனவரியில் ஒரே எண்ணாக ஆக்கியது அது. பன்னிரண்டு மொழி. ஸ்டாரை அழுத்தினால் நேராக ஆளிடமே போகலாம். போட்டேன். கொஞ்ச நேரத்தில், “வணக்கம், சொல்லுங்க” என்று நிஜமான ஒரு மனிதக் குரல்! எனக்குப் பேச்சே வரவில்லை. “ஒண்ணுமில்லைங்க... ரயில் ஒழுங்காப் போய்க்கிட்டிருக்கு” என்று உளறி வைத்துவிட்டேன்.

*

விடியற்காலை வில்லிபுத்தூர். மேற்கே மலை மசமசவென்று தெரிந்தது. காற்றில் ஈரம். ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் ஒரு டீ வாங்கிக்கொண்டு, “மடவார் வளாகம் பக்கம் போகணும். ஆட்டோ என்ன கேப்பாங்க?” என்று பொதுவாகக் கேட்டேன். பத்து வருஷம் கழித்து வருகிறேன், வழி மறந்துவிட்டது.

ஒரு கேள்விக்கு நாலு பேர் பதில் சொன்னார்கள். யாரும் ஒன்றை அழுத்தச் சொல்லவில்லை.

“யார் வீட்டுக்கு?”

“ஹெட்மாஸ்டர் வீடு...”

“அட, ஏ.டி.எம்.ல பத்தாயிரம் போச்சே, அவர் வீடா? நீங்க மெட்ராஸ் மருமகனா? பணம் வந்துருச்சா ஸார்? வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு ஆபரேஷனாமே?”

அசந்துபோனேன். ஐந்து நாள் பட்டனைத் தட்டியும் பதிவாகாத புகார், இந்த ஊர் டீக்கடையில் தேதி, தொகை, காரணம் எல்லாவற்றோடும் பக்காவாகப் பதிவாகியிருந்தது!

குளித்து, மாமி கையால் இட்லி சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கு பேங்க். மாமா மஞ்சப் பையில் பாஸ்புக், ஏ.டி.எம். சீட்டு, அந்த நாற்பது பக்க நோட்டு எல்லாம் எடுத்துக்கொண்டார். மேனேஜர் ஒரு அம்மாள். நோட்டை வாங்கிப் பிரித்தார். ஒரு பக்கம், இரண்டு பக்கம், மூன்று பக்கம்... படித்துக்கொண்டே போனார்.

“ஸாரி ஸார். அன்னிக்கு உங்களை அப்படி அனுப்பியிருக்கக் கூடாது” என்றார் மாமாவிடம். அப்புறம் தாழ்ந்த குரலில், “உண்மையைச் சொல்லட்டுமா? பிராஞ்ச்சுக்கு ஏதாவது சந்தேகம் வந்தா நாங்களும் ஒரு நம்பருக்குத்தான் பேசணும். எங்களுக்கும் ஸிதார்தான்!”

மெஷினுக்குள் நடந்தது என்ன என்பதை அவர்தான் விளக்கினார். நோட்டை எண்ணி வாசல் வரை கொண்டுவந்த பிறகு எங்கேயாவது சிக்கினால், மெஷின் அதை உள்ளே தனிப் பெட்டியில் தள்ளிவிடும். கணக்கில் கழித்தது கழித்ததுதான். பணம் நிரப்ப வருகிறவர்கள் எண்ணும்போது அந்தத் தொகை அதிகமாக நிற்கும். மெஷின் நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதுகிற பதிவோடு ஒத்துப் பார்த்தால் யாருடைய பணம் என்று தெரிந்துவிடும். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து, “இருக்கு ஸார். அந்த மெஷின்ல பத்தாயிரம் கூடுதலாத்தான் நிக்குது. ஒத்துப் பாக்க யாரும் உக்காரலை” என்றார்.

நான் தயாராகக் கொண்டுவந்த காகிதத்தை எடுத்தேன். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால், அன்றிலிருந்து ஐந்து நாளைக்குள் பேங்க் தானாகவே திருப்பிப் போட வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் நஷ்டஈடு. வாடிக்கையாளர் கேட்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை.

“தெரியும் ஸார். நேத்தோட அஞ்சு நாள் முடிஞ்சுது. நூறு ரூபாயும் சேர்த்தே எழுதறேன்” என்றார் அந்த அம்மாள். மாமா கைப்பட எழுதிய புகாரின் நகலில் தேதி போட்டு, சீல் குத்தி, புகார் எண் எழுதிக் கொடுத்தார். மாமா அதை வாங்கியபோது முகத்தைப் பார்க்கணுமே! பத்தாயிரமே கைக்கு வந்துவிட்ட மாதிரி. பதினைந்து நிமிஷ வேலை. ஒரு மனுஷி, எதிரில் உட்கார்ந்து, முழுசாகக் கேட்டதுதான் வித்தியாசம்.

நண்பர்களே, உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் சீட்டு, மெஸேஜ், தேதி, புகார் எண் எல்லாவற்றையும் மாமா மாதிரி எழுதி வையுங்கள். பேங்க் முப்பது நாளில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். உதவி எண்ணைக் கார்டின் பின்னாலிருந்தோ பாஸ்புக்கிலிருந்தோ மட்டும் எடுங்கள், நெட்டில் தேடாதீர்கள். தப்பித் தவறி மோசடிக்காரனிடம் பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் பேசுங்கள்.

சாயங்காலம் மாமா என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். பதினோரு நிலை கோபுரம். அரசாங்க முத்திரையில் இருப்பது இதுதான் என்று ஊர்க்காரர்கள் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லும் கோபுரம். ஆடிப்பூரம் நெருங்கும் சமயமாதலால் நல்ல கூட்டம். ஆண்டாள் கையில் கிளி. இலையும் பூவும் வைத்து தினமும் புதிதாகக் கட்டுகிற கிளி.

மாமா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். “குயில்கிட்டயும் மேகத்துகிட்டயும் சேதி சொல்லி அனுப்பிட்டுக் காத்துக்கிட்டிருந்தவடா இவ. நமக்கு வாய்ச்சுதே ஒரு கிளி... அது பேசுது, கேக்க மாட்டேங்குது. இந்தக் கிளி பேச மாட்டேங்குது, ஆனா நான் சொல்றதை எல்லாம் கேக்குது” என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. ஐந்து நாளாக அவரை உறுத்தியது பத்தாயிரம் ரூபாய் மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பணத்துக்குப் பொறுப்பானவர்கள் மெஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். பணத்தைத் திருட வந்தவன் முதல் மணியிலேயே போனை எடுத்து, ‘ஐயா’ என்றான். பெரியவர்கள் ஏன் ஏமாறுகிறார்கள் என்று இனிமேல் யாரும் என்னைக் கேட்க வேண்டாம். பேராசை எல்லாம் இல்லை. ஒரு மனிதக் குரல் கேட்ட நன்றி, அவ்வளவுதான்.

பால்கோவா இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு (2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, ஆபீஸில் லீவுக்குச் சமாதானம் சொல்ல இதுதான் உதவும்) ராத்திரி ரயில் ஏறினேன்.

புதன்கிழமை மாமாவின் கணக்கில் பத்தாயிரம் ஏறிவிட்டது. கூடவே நஷ்டஈடு முந்நூறு. வெள்ளிக்கிழமை மாமிக்கு ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்ததும் மாமி முதலில் பார்த்தது மாமாவின் நாற்பது பக்க நோட்டைத்தானாம். “எழுத்து இவ்வளவு கோணலாவா எழுதுவீங்க?” என்றாராம்.

அடுத்த வாரம் மாமாவிடமிருந்து மறுபடி போன்.

“மாப்ளே! அந்தத் திருட்டுப் பய மறுபடி பேசினாண்டா. ‘ஐயா, பணம் வந்துருச்சுங்களா’ன்னு கொழையறான்.”

“ஐயோ! வெச்சுடுங்கன்னு சொன்னேனே மாமா?”

“வெச்சிட்டேன், வெச்சிட்டேன். ஆனா வெக்கறதுக்கு முன்னாடி காலைப் பிரேயர்ல பேசற மாதிரி கணீர்னு சொன்னேண்டா. ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. திருடர்கள் ஒன்றை அழுத்தவும். திருந்தியவர்கள் இரண்டை அழுத்தவும்’னு.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அப்புறம்?”

மாமாவின் குரல் சட்டென்று ரகசியமாக இறங்கியது.

“கீச்சுனு ஒரு சத்தம் கேட்டுதுடா மாப்ளே. பழக்க தோஷத்துல பய எதையோ அழுத்திட்டான்... ஒண்ணா ரெண்டான்னுதான் தெரியலை!”